தங்கம்மாளுக்காக இருமிய ராஜகுடும்பம்

1936-ஆம் வருஷம் தை மாதம், அரூரில் டெய்லர் சென்றாயன் வீட்டிலிருந்த ராஜாவுக்கு இருமல் வந்தது. ராஜா ஒரு விரற்கடை உயரம். பனி விழுகிற ஏதோ ஒரு சின்ன தேசத்துத் தபால்தலையில் மீசையும் பதக்கமுமாக இருந்தவர். அந்த வருஷம் புளிக்கு நல்ல விலை, மழையும் பரவாயில்லை.

சென்றாயனுக்குத் தபால்தலை என்றால் உயிர். மிஷன் ஆஸ்பத்திரிக்கு அங்கி தைத்துக் கொடுக்கும்போதெல்லாம் நர்ஸ் சகாயமேரி, சீமைக் கடிதங்களின் தலைகளைக் கத்தரித்துக் கொடுப்பாள். அதில் ஒரு வரிசையில் மட்டும் விலைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும் இன்னொரு சின்ன விலையும் இருந்தன. "அந்த மேல்காசு நெஞ்சு நோய்க்காரங்களுக்குப் போவுதுங்கண்ணா. அதுக்குன்னே ராஜா குடும்பம் படம் குடுத்திருக்காங்க," என்றாள். சென்றாயனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் மனைவி தங்கம்மாள் இரண்டு வருஷமாக ரத்தமாய் இருமிக்கொண்டிருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. இருந்த ஒருத்தியும் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தாள்.

நெஞ்சுச் சளிக்கு வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, வாட்டிப் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். வெற்றிலை போடும் இடத்தில் சென்றாயன் கஞ்சிப் பசை தடவி ராஜாவை ஒட்டினான். ஒட்டினால்தானே எதுவும் போய்ச் சேரும்? விடிந்தபோது தங்கம்மாள் அயர்ந்து தூங்கினாள், ராஜா இருமினார். பிறகு வந்த கடிதத்தில் ராணி வந்தாள், அதற்கடுத்ததில் காளைமாதிரி மூத்த இளவரசன். ஆளுக்கொரு பங்கை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்கள். அந்த ராஜா சளி பிடித்து வெளியே தலைகாட்டுவதே இல்லையாம் என்று சகாயமேரி சேதி சொன்னாள். "பெரியவங்க, தாங்குவாங்க," என்று சென்றாயன் பொத்தான் தைத்தான். தங்கம்மாள் உடம்பு தேறி, எழுந்து களி கிண்டத் தொடங்கினாள்.

கடைக்குட்டி இளவரசி 1939-ல் வந்தாள். மூன்று வயசு, தலையில் ரிப்பன். அவளை ஒட்டியதும் தங்கம்மாளின் இருமல் அடியோடு நின்றது. ஆனால் அந்தப் பிஞ்சு மூச்சுமுட்ட இருமியது.

"ஏங்க, உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்குதா? பச்சப் புள்ளைங்க இது! இத இரும வுட்டுட்டு நான் பொழைக்கணுமா?" என்று தங்கம்மாள் அவளை நெஞ்சிலிருந்து பிய்த்தெடுத்தாள்.

"உனக்கே திரும்பி வந்துருமே தங்கம்!" சென்றாயன் அழுதேவிட்டான்.

"வரட்டும். எம் பங்கு எனக்கு."

பாதி வந்தது. பாதி குழந்தையிடமே தங்கிவிட்டது. பொத்தான் டப்பாவில் பஞ்சு பரப்பி அவளைப் படுக்கவைத்தாள் தங்கம்மாள். வேலியில் பறித்த தூதுவளையை இடித்துச் சாறெடுத்து, தினமும் விரல் நுனியால் அவள் வாயில் வைப்பாள். குழந்தையின் கடைவாயில் பச்சைக் கறை பிடித்துப்போனது. வீட்டில் இவள் இருமினால் டப்பாவுக்குள் அவள் இருமுவாள். தெருக்காரர்களுக்கும் பழகிப்போயிற்று.

பிறகு உலகச் சண்டை வந்தது. சீமைக் கடிதம் நின்றது, மண்ணெண்ணெய் அளந்து கொடுத்தார்கள், அந்த தேசத்தில் குண்டு விழுவதாகப் பேசிக்கொண்டார்கள். ஒரு ஆடி மாதம் டப்பாவில் இருமல் நின்றது. குணமாகிவிட்டதா, குழந்தை போய்விட்டதா? திறந்து பார்க்கத் தங்கம்மாளுக்கு மனசு வரவில்லை. சாற்றை மூடியின் மேலேயே வைத்துவிட்டு வருவாள். சென்றாயன் பொத்தான்களைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டான். வருஷங்கள் அப்படியே போயின.

1946-ல் முதல் சீமைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சகாயமேரி ஓடிவந்தாள். புதுத் தலையில் பத்து வயசுப் பெண், அதே ரிப்பன். படம் முழுக்கக் காப்பிப்பொடி நிறம். கடைவாயில் மட்டும் பச்சை. டப்பாவைத் திறந்தார்கள். பஞ்சின் மேல் பழைய தலை கிடந்தது. அதில் குழந்தை இல்லை, கூட்டல் குறி மட்டும் இருந்தது.

தங்கம்மாள் பொங்கிப் பொங்கி அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "படம் புடிக்கறப்பகூட வாயத் தொடைக்காம நின்னிருக்கறா பாருங்க, கழுத!" என்றாள்.

தன் பங்குக்கு ஒரு தடவை இருமிவிட்டு, களி கிண்டப் போனாள்.