மாங்கொட்டை

கணவரின் அடக்கம் முடிந்து வந்தவர்கள் கூடத்தில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருக்க, அவள் சமையலறையில் ஒரு மாம்பழத்தைக் கழுவினாள். வாயில் எதையாவது போட்டுக்கொள்ளச் சொல்லி ஆளாளுக்கு நச்சரித்துவிட்டார்கள். பின்னாலேயே வந்து நின்றாள் சல்லடைக்காரி.

அந்தப் பட்டப்பெயரை வைத்தது அவள்தான். பழங்காலத்துக் கழிப்பறைக் குழிகளைத் தோண்டி, மண்ணைச் சலித்து, மிஞ்சுகிற விதையையும் மீன்முள்ளையும் வைத்து அந்த வீட்டார் என்ன தின்றார்கள் என்று கண்டுபிடிப்பது அவள் கணவரின் வேலை. கூட நின்று சலித்தவள் சல்லடைக்காரி. எந்தக் காலத்திலோ செத்துப்போனவள் அத்திப்பழம் தின்றதைப் பற்றி இரண்டு பேரும் போனில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பெண்டாட்டி என்ன தின்றாள் என்று அந்த மனிதர் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கு வயிறு எரியும்.

"நான் நறுக்கட்டுமாக்கா?"

"வேணாம். இது என் கத்தி."

சல்லடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யார் புருஷனுக்கு யார் அழுவது? அதுகூட அவளுக்குப் பொறுக்கவில்லை.

"புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு சார் உங்க வீட்டுக் குப்பையத்தான் கொண்டுவந்து குடுப்பாருக்கா. இதப் பாத்து அந்த வீட்டப் பத்திச் சொல்லுங்கன்னு."

கத்தி நின்றது. "எங்க வீட்டுக் குப்பையவா?"

"ஆமாக்கா. மாங்கொட்டை எல்லாத்துலயும் ஒரே ஆளோட பல்லு பதிஞ்சிருக்கும். முன்பல்லுல ஒரு சந்து. 'சதையெல்லாம் ஒருத்தன் தின்னுடறான், கொட்டை எப்பவும் ஒருத்திக்குத்தான். அந்தத் திருடன் நான்தான்'னு சொல்வாரு."

அவள் நாக்கு தானாக முன்பல் சந்தைத் தொட்டது. அப்படியென்றால் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு துண்டை அவள் பக்கம் தள்ளியதில்லை. அதையாவது மன்னித்துவிடலாம். அவளிடம் சொல்லவேண்டியதை இவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாரே, பாவி மனுஷன்.

நறுக்கிய துண்டுகளையெல்லாம் தட்டில் வைத்துச் சல்லடைக்காரியிடம் நகர்த்தினாள்.

"சாப்பிடு."

"ஐயோ, நீங்கதான் காலையிலேருந்து பட்டினி. இத நீங்க சாப்பிடுங்க. எனக்கு அந்தக் கொட்டை போதும்க்கா."

சல்லடைக்காரி கையை நீட்டுவதற்குள் அவள் கொட்டையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"அது என்னுது."

சாறு முழங்கை வரை வழிந்தது. துடைக்காமல், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கடித்தாள்.