ஞாயிற்றுக்கிழமைக் கொடிக்கயிறு

எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஆம்பூரில் எங்கள் வீட்டில் மூன்று குடித்தனம். மரியம்மாள் ஷூ கம்பெனியில் தையல், ஜோசுவா அதே கம்பெனியில் பேக்கிங், மஹபூப் பாஷா தோல் பதனிடும் இடத்தில் வேலை. வாடகை மாதக் கடைசியில்தான் வரும். வீட்டின் மேல் வாங்கிய கடனுக்குத் தவணையோ பத்தாம் தேதி. இரண்டு தவணை தவறிவிட்டது. இன்னொன்று தவறினால் வாசலில் நோட்டீஸ் ஒட்டி வீட்டை ஏலம் விடுவோம் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

"ஒட்டட்டும். கதவுக்குப் பெயிண்ட் அடிச்சு எத்தினி வருஷமாச்சு," என்றாள் என் மனைவி பாக்யலட்சுமி.

மூவருக்கும் லீவு ஞாயிறு மட்டும்தான். வாரத்துணி முழுவதும் அன்றைக்குத்தான் துவைப்பார்கள். மொட்டை மாடியில் இருப்பதோ ஒரே கொடிக்கயிறு. அதற்கு நடக்கும் சண்டை மாதனூர் வரை கேட்கும். நான் ஒரு சட்டம் போட்டேன்: யார் முதலில் வாடகை தருகிறாரோ, அந்த மாதம் கயிறு அவருக்கு.

ஒன்றாம் தேதி பால்காரருக்கு முன்பே மரியம்மாள் வந்து நின்றாள். அடுத்த மாத வாடகையைப் பாஷா அந்த மாதமே கொண்டுவந்தார்.

"இன்னா பாய், சம்பளமே வர்ல, அதுக்குள்ளயா?" என்றாள் மரியம்மாள்.

"உன் போர்வை ஒண்ணே கயிறு முழுக்கப் புடிச்சுக்குதும்மா. ஒரே பேஜார்," என்றார் பாஷா.

இருவரையும் பார்த்த ஜோசுவா இரண்டு வருட வாடகையை என் கையில் வைத்தான். மரியம்மாள் விடுவாளா? எல்கேஜி படிக்கும் மகளுக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர் ஈரத்துணி மூட்டையோடு பஸ் ஏறி வந்து, "வீடு வேணாங்க பெரியவரே, கயிறு மட்டும் போதும்," என்று முழு வாடகை தந்தார். வரும் வழியிலேயே துணி காய்ந்துவிட்டது. எங்கள் குழாயடியில் மறுபடி நனைத்துத்தான் போட்டார்.

தவணை மட்டுமல்ல, கடனே தீர்ந்துவிட்டது. வங்கி மேனேஜர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார்.

"கொஞ்சம் மெதுவா கட்டியிருக்கலாமே சார். உங்க வட்டிய நம்பி ரெண்டு பேர வேலைக்கு வெச்சிட்டோம்," என்றார். கண் கலங்கியிருந்தது. பாக்யலட்சுமி அவருக்குச் சர்க்கரை ஜாஸ்தியாகப் போட்டு டீ கொடுத்து அனுப்பினாள்.

அந்த வீட்டில்தான் இன்றைக்கும் நிம்மதியாக இருக்கிறோம். ஓட்டு வீடு அது. மொட்டை மாடி கிடையாது.