திக்காமல் ஒரு பாடம்

அருள்மேரிக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அதற்காக மகளுக்குப் பாடம் நடத்தாமல் இருந்துவிடவில்லை. வேலை முடிந்து வந்ததும் கையில் காய்ந்துபோன சிமெண்டைத் தேய்த்துக் கழுவி, உலையை ஏற்றிவிட்டு, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை ஸ்டெல்லாவின் மடியில் விரித்துவைப்பாள். எருமைப் படம் போட்டிருந்தால் அது ஏழாம் பாடம். அந்தப் பாடத்தை அவள் புருஷன் யேசுராஜ் ஒருமுறை வாசித்துக் காட்டினான். லாரி கிளீனர், அஞ்சாவது வரை படித்தவன். அவளுக்கு ஒருமுறை கேட்டால் போதும். கோவில் ஜெபங்கள் அத்தனையும் அவள் தலைக்குள் போனது அப்படித்தான். விரல் எங்கே வரும்போது எதைச் சொல்ல வேண்டும், எங்கே பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஸ்டெல்லா கடகடவென்று ஒப்பிக்கும்போது மண்ணூர் காலனியில் யார் கேட்டாலும் படிக்கிறாள் என்றுதான் சொல்வார்கள். சொன்னார்கள்.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் இருந்தது. செங்கல்பட்டுப் பக்கம் கன்னியர் நடத்தும் பள்ளியில் விடுதியோடு இலவசமாக ஓர் இடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிஸ்டர் ஒருவர் வந்து பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்த்து, ஒருத்தியை எடுத்துக்கொள்வார். அருள்மேரி சித்தாளாகக் கலவை சுமக்கும் மதில்சுவருக்கு அந்தப் பக்கம் மருந்து கம்பெனி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஃபேனுக்கடியில் உட்கார்ந்து பெண்கள் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். வேலை கேட்கப் போனபோது வாட்ச்மேன், எத்தனாவது படிச்சிருக்கே என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். அவளுக்கு அன்று வந்த ஆத்திரம் அவன்மேல் இல்லை. தன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பாத எல்லோர்மேலும் வந்தது.

பள்ளிக்கூடத்துச் சுப்பிரமணி வாத்தியார்மீதும் அவளுக்கு நல்ல எண்ணம் கிடையாது. அவர் பிள்ளைகளை எழுத்து எழுத்தாகக் கூட்டி இழுக்கச் சொல்வார். ஒருநாள் ஸ்டெல்லா வீட்டிலும் "எ... ரு... மை..." என்று ஆரம்பித்தாள். நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது.

"அந்தாளு புள்ளிங்களுக்குத் திக்குவாய் பழக்கிக்கினு கீறாரு. நல்லா பேசற பொண்ணு, இன்னாத்துக்குடீ இப்டி இழுக்கறே?"

"மேரி, மொதல்ல அப்டித்தான் படிப்பாங்க," என்றான் யேசுராஜ்.

"நீ மட்டும் அன்னிக்குத் திக்காம படிச்சே?"

அவனிடம் பதில் இருந்தது. ஆனால் அவளிடம் வாய் கொடுத்து யார் மீள்வது? பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சிஸ்டர் ஜெசிந்தா பீடத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெற்கத்திக்காரர், பொறுமைசாலி என்று பார்த்தாலே தெரிந்தது. முன்னால் போன இரண்டு சிறுமிகள் வாசிக்கத் தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார்கள். அருள்மேரிக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம். கோவிலில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சந்தோஷப்படக்கூடாது என்றும் தோன்றியது. ஸ்டெல்லா போனாள். எண்ணெய் வழிய வாரிய தலை, போன கிறிஸ்மஸுக்குத் தைத்த பாவாடை. சிஸ்டர் பையிலிருந்து வேறு ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் திறந்து கொடுத்தார். எருமை இல்லை. ஒரு தோணி இருந்தது.

ஸ்டெல்லா திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"முனியன் எருமைய ஓட்டிக்கினு..." என்று பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள் அருள்மேரி. "சொல்லு பாப்பா, ஏரிக்குப் போனான்..."

"இது அந்தப் பாடம் இல்லம்மா," என்றார் சிஸ்டர். "அவளே வாசிக்கட்டும்."

அருள்மேரிக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. எழுந்தேவிட்டாள். "இந்தப் பாடத்த அவளுக்கு யாரும் படிச்சுக் காட்டலியே சிஸ்டர்! ஒருவாட்டி நீங்க படிங்க. எம்பொண்ணு அப்டியே கப்புனு புடிச்சுக்குவா."

சிஸ்டர் சிரிக்கவில்லை. குழந்தையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தின் கீழே வைத்தார்.

"தோ..." என்றாள் ஸ்டெல்லா. நிறுத்தினாள். "ணி. தோணி." பிறகு "க... ரை... கரை." அடுத்த சொல்லில் விரல் நின்றுவிட்டது. "சே... ர்... ந்..."

போச்சு என்று நினைத்தாள் அருள்மேரி. எத்தனை பேர் பார்க்க, தன் பெண் திக்குவாய்ப்பிள்ளை மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கிறாள். அங்கே நின்று அதைக் கேட்க அவளால் முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் கிடந்த செருப்புகளில் மகளுடையதைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். வெயில் ஏறிவிட்டது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தால் யார் முகத்திலும் முழிக்காமல் வீட்டுக்குப் போய்விடலாம்.

உள்ளே தாள் சரசரக்கும் ஓசை கேட்டது. புத்தகத்தை மூடிவிட்டார் என்று நினைத்து, மகளை அழைத்துப்போக வாசற்படிக்கு வந்தாள். சிஸ்டர் மூடவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பி, நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா நிமிரவே இல்லை. விரலை நாக்கில் தொட்டு முதல் வரியின் கீழே வைத்தாள். அருள்மேரி செருப்பும் கையுமாக அங்கேயே நின்றாள்.