முப்பத்தொரு முறை வந்த குழாய்க்காரர்

1.

இந்தக் கதை என் மண்டைக்குள் உதிக்கவில்லை; மண்டைக்கு மேலே நடந்தது. ஊரடங்கின்போது எங்கள் குடியிருப்புக்குள் யாரை விடலாம் என்ற சுற்றறிக்கையை எழுதியவன் நான். சங்கத்துக்குக் கடிதம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பொருள், பார்வை, தேதி எதுவும் பிசகாது. குழாய்க்காரருக்கு அனுமதி உண்டு என்று எழுதினேன். முடிதிருத்துபவருக்கு இல்லை.

2.

தொடக்கம் அ: வெறிச்சோடிய நகரத்தின் பெருமௌனத்தில்...

(அடித்துவிட்டேன். அந்த மௌனத்தை ஏற்கெனவே எல்லாரும் சத்தம் போட்டு எழுதிவிட்டார்கள்.)

தொடக்கம் ஆ: தெருமுனை சலூன்காரர் கடையைச் சாத்தி நாற்பது நாள். எங்கள் செயலாளருக்கு முடி காதை மூடிவிட்டது. தாம் கையெழுத்திட்ட சுற்றறிக்கையை மீற மனமில்லாத அவர், சலூன்காரரைக் குழாய்க்காரர் என்று வாசல் நோட்டில் எழுதச் சொல்லி உள்ளே அழைத்தார்.

இது இருக்கட்டும்.

3.

அப்புறம் மூன்றாம் மாடி, எதிர்வீடு, நான் என்று ஒவ்வொருவராக அவரிடம் தலையைக் கொடுத்தோம். கத்தரிக்கோலுக்கு மேலே ஒரு ஸ்பானரை வைத்துப் பையை மூடிக்கொண்டு வருவார்.

"சார், லிஸ்ட் நீங்க எழுதுனதுதானே? என் தொழிலையும் ஒரு வரி சேத்து விடுங்களேன். இந்தக் கட்டடத்தாலதான் இப்ப எங்க வீட்ல அடுப்பு எரியுது. ஆனா திருடன் மாதிரி வர்றது ஒரு மாதிரியா இருக்கு. நேத்து ஒரு வீட்ல, வந்ததுதான் வந்தே, சிங்க் அடைப்பையும் எடுத்துட்டுப் போன்னுட்டாங்க."

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன். தலைய ஆட்டாதீங்க."

எழுதுவதாகச் சொன்னேன். [எழுதினேனா என்று இப்போதே குறுக்கிடாதீர்கள். இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தேன்.]

4.

சங்கக் கூட்டம் கணினித் திரையில் நடந்தது. பொருளாளர் வாசல் நோட்டைப் புரட்டினார். அவர் முழு வழுக்கை; ஆகவே விஷயம் தெரியாத ஒரே ஆள்.

"ஒரே மாசத்துல குழாய்க்காரன் முப்பத்தொரு தடவ வந்திருக்கான். கட்டடமே ஒழுகுதா என்ன? இத்தன வீடு ஏறி இறங்குறவன் நோயக் கொண்டாந்து விட்டுட மாட்டானா?"

திரையில் பதினெட்டுத் தலைகள். பதினேழிலும் ஒரே கை வெட்டிய முடி. ஒருவரும் மைக்கைத் திறக்கவில்லை.

செயலாளர்தான் செருமினார். "பாதுகாப்புதாங்க முக்கியம். இனிமே அந்தாள உள்ள விட வேணாம். தீர்மானத்த நீங்க எழுதிடுங்க சார்."

எழுதினேன். ஒரு பிழை கிடையாது.

5.

முடிவு அ: நான் மைக்கைத் திறந்து உண்மையைச் சொல்கிறேன். (நம்பும்படியாக இல்லை. இந்த ஆளை எனக்குத் தெரியும்.)

முடிவு ஆ: பொருளாளர் மனம் உருகி, கண்கள்...

முடிவு இ: சலூன்காரர் நிஜமாகவே குழாய் வேலை கற்று முன்னுக்கு வருகிறார். (பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும்.)

வாசல் கம்பிக்கு வெளியே நின்றவரிடம் மூன்றையும் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு சார். அந்த ஒரு வரி எழுதிட்டீங்களா?"

வாசகரே, அவர் இன்னும் நிற்கிறார். கதையை முடிப்பது வாசகரின் உரிமை என்று இப்போதெல்லாம் சொல்கிறார்கள். எனக்கும் அது வசதியாக இருக்கிறது. நீங்களே அவருக்குப் பதில் சொல்லி அனுப்புங்கள். எனக்கு அடுத்த சுற்றறிக்கை காத்திருக்கிறது.

பொருள்: குழாய் ஒழுகல் முற்றிலும் நின்றமைக்கு உறுப்பினர்களுக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.