மாரியாயி அக்காவின் விரதம்

ரெங்கசாமியை எனக்கு எப்போதுமே பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு, "வயசான மனுஷனைப் பார்த்து லோகேஸ்வரிக்கு மனசு இளகிப்போச்சு" என்று யாரும் என்னைப் புகழ வேண்டாம். எனக்கு ஒன்றும் இளகவில்லை.

கிள்ளானில் மேரு ரோட்டை ஒட்டிய எங்கள் தாமான் குடியிருப்பில் அவர் வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்து. நடுவில் ஒரே ஒரு சுவர். நான் கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து, சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பெண்டாட்டி மாரியாயி அக்கா அடிவாங்குவது கேட்கும். அந்த ஆள் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி ஓட்டினார். குடித்துவிட்டு வந்தாலும் அடி, குடிக்காமல் வந்தாலும் அடி. குழம்பில் உப்புக் கூடினால் சட்டியோடு தூக்கி வாசலில் வீசுவார். அப்புறம் சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். அக்கா பட்டினியாகப் படுப்பாள். ஒரு தீபாவளிக்கு முதல் நாள் அவளை முடியைப் பிடித்து நடுரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார். தெருவே நின்று பார்த்தது. மறுநாள் நான்தான் முறுக்கும் கோழிக்கறியும் கொண்டுபோய்க் கொடுத்து, அவள் தோளில் தைலம் தேய்த்துவிட்டேன். "பொறுத்துக்குங்கக்கா, வயசானா அடங்கிடுவாரு" என்று ஆறுதலும் சொன்னேன்.

அடங்கத்தான் செய்தார். எழுபதைத் தாண்டியதும் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனது. பேச்சும் போய்விட்டது. வாயைத் திறந்தால் "ஆ... ஆ..." என்ற சத்தம் மட்டும்தான். தெருவில் ஒருத்தர்கூட வருத்தப்படவில்லை. "சாமி இருக்குலா" என்றார் என் வீட்டுக்காரர் குகன். நானும் தலையாட்டினேன். பொய் சொல்வானேன், உள்ளுக்குள் குளுகுளு என்றுதான் இருந்தது.

தைப்பூசம் நெருங்கிய சமயம் மாரியாயி அக்கா என்னைக் கேட்டுக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அவருக்குக் கால் வரணும்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன் லோகா. ரெண்டு பேரும் விரதம். ஒருவேளைச் சோறுதான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த ஆளுக்கா வேண்டுதல்? காலம் பூரா உதைத்த காலா திரும்பி வர வேண்டும்?

"உங்களுக்குப் பைத்தியமாக்கா?" என்று கேட்டே விட்டேன். அக்கா சிரித்தாள். அவள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் அந்தச் சிரிப்பைப் பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் கோயிலுக்குப் போனது. எங்கள் கோயில் செயலாளர் யுகேந்திரனுக்கு மைக் கிடைத்தால் போதும், பூசாரியே காத்திருக்க வேண்டும். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பதிபக்தி! நம்ம மாரியாயி அம்மாவப் பார்த்து மத்த பொம்பளைங்க கத்துக்கணும்" என்று சொன்னார். கூட்டம் கைதட்டியது. அக்கா முன்வரிசையில் மஞ்சள் சேலையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அந்த ஆள். ஏற்கெனவே சட்டை தொளதொளத்துக் கிடந்தது.

தைப்பூசம் முடிந்தது. விரதம் முடியவில்லை.

"இன்னும் கால் வரலியே. பங்குனி உத்திரம் வரைக்கும் நீட்டிட்டேன்" என்றாள் அக்கா.

கிழவர் இளைத்துக்கொண்டே போனார். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. யுகேந்திரன் பிரசாதம் கொடுக்க வந்தவர் அவரை வாசலில் பார்த்துவிட்டு, "விரத முகம்லா அது! என்ன தேஜஸ் பாருங்க!" என்றார். தேஜஸாம் தேஜஸ்! ஒரு மனுஷன் பசியில் கண் பிதுங்கி உட்கார்ந்திருந்ததைத்தான் நாங்கள் அப்படிச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தோம். நானும் கும்பிட்டேன்.

எனக்குப் புத்தி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கிள்ளான் டவுனில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மலாய்க்காரர் சாப்பாட்டுக் கடை ஒன்று உண்டு. தண்ணீர் வாங்கலாம் என்று போனேன். ஓரத்து மேசையில் மாரியாயி அக்கா உட்கார்ந்திருந்தாள். தட்டில் சோறு, சம்பல், முழுசாக ஒரு பொரித்த மீன். அக்கா அவசரமே படாமல் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரத்தில் வைத்து, சதையைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. விரதக்காரி, வெள்ளிக்கிழமையில், மீன்! எனக்குத் தண்ணீர் வாங்கவே மறந்துபோய்விட்டது. அவள் பார்ப்பதற்குள் கிராப் டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்ததும் நேராக அவர்கள் வீட்டு ஜன்னலுக்குப் போனேன். கம்பிக்குப் பின்னால் ரெங்கசாமி நாற்காலியில் இருந்தார். இடுப்பைச் சுற்றிப் பழைய கைலியால் நாற்காலியோடு கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் "ஆ... ஆ..." என்றார். என் பையில் இருந்த வாழைப்பழத்தை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினேன். பிடுங்கிக்கொண்டார். ஒரு கையால் உரிக்க முடியுமா? தோலோடு கடித்தார். "இருங்க, இருங்க" என்று வாங்கி உரித்துக் கொடுத்தேன். மெல்லவே இல்லை, அப்படியே விழுங்கினார். கை நீண்டபோது சட்டைக்கை மேலே ஏறியது. முழங்கையிலிருந்து தோள் வரைக்கும் கிள்ளிய தடம். சிலது நீலம், சிலது பழுத்து மஞ்சள். புதுசும் பழசுமாக ஒரு இடம் மிச்சமில்லை.

தின்று முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உடம்பு கூசியது. அக்காவை அடித்த கை வலது கை, அது மடியில் செத்துக் கிடந்தது. என்னைப் பிடித்தது இடது கை. இருந்தாலும் உதறிவிட்டு ஓடத்தான் தோன்றியது. உதறவில்லை. அவரே விட்டார்.

அன்று சாயங்காலம் குகனிடம் சொன்னேன்.

"காலம் பூரா அவர் அடி போட்டாரு, இப்ப அந்தம்மா போடுது. நமக்கென்ன லா? வாய மூடிக்கிட்டு இரு" என்றார்.

"செத்துருவாருங்க."

"சாகட்டுமே. யாரு அழப் போறா?"

சிங்கப்பூரில் இருக்கும் அவர்களின் ஒரே மகன் ஜீவனுக்குப் போன் போட்டேன். சின்ன வயதில் அடி சத்தம் கேட்டால் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்கிற பிள்ளை அவன். நான் சொன்னதை எல்லாம் கேட்டான்.

"ஆன்டி, அவரு செத்தா சொல்லுங்க, வரேன்" என்றான். "அதுவும் அம்மாவுக்காகத்தான்."

போனை வைத்துவிட்டான். அவனை என்னவென்று திட்டுவது?

சரி, அக்காவிடமே பேசிப்பார்ப்போம் என்று மறுநாள் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். அக்கா கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு நடுவே கையை நீட்டிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, அவருக்கு ஊட்டிவிடுங்கக்கா. ஆளு தாங்கமாட்டாரு."

"விரதம் லோகா."

"நான் உங்கள டவுன்ல பார்த்தேன்க்கா. மலாய்க்காரர் கடையில, மீன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

அக்கா என்னை நேராகப் பார்த்தாள். பயந்த மாதிரியோ வெட்கப்பட்ட மாதிரியோ தெரியவில்லை.

"பார்த்தியா? நல்லது" என்றாள். "பசின்னா என்னன்னு அவரும் கொஞ்சம் தெரிஞ்சுக்கட்டும்."

கதவு சாத்தப்பட்டது. கஞ்சியைப் பின்சந்துச் சாக்கடையில் ஊற்றும் சத்தம் என் சமையலறை வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு சுவரில் தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. கிழவர்தான். நான் வாழைப்பழம் கொடுத்தது நினைவில் இருந்திருக்கும். இடது கையால் தட்டுவார், நிறுத்துவார், மறுபடி தட்டுவார். நான் ஜன்னலுக்கு ஓடினால் பலகை வைத்து அடைத்திருந்தது. குகன் டிவியைச் சத்தமாக வைத்தார். ஆனால் எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. சோற்றில் கை வைத்தால் சாப்பிட முடியவில்லை. நாளாக நாளாகத் தட்டுவது லேசாகிப்போனது. ஒரு காலையில் சுத்தமாக நின்றுவிட்டது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அந்த ஆளுக்காக இல்லை என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். ஆள் செத்துத் தொலைந்தால் மாரியாயி அக்கா கொலைகாரி ஆகிவிடுவாள். இத்தனை வருஷம் இந்தக் கடங்காரனிடம் அனுபவித்தது போதாதென்று, கடைசிக் காலத்தில் ஜெயிலிலுமா கிடப்பாள்? அக்காவைக் காப்பாற்ற வேண்டும். அதற்காகவாவது இந்தக் கிழவர் உயிரோடு இருக்க வேண்டும். அப்படி நினைத்துத்தான் போனை எடுத்தேன். கிளினிக் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள், வீட்டில் யாராவது துன்புறுத்தப்பட்டால் கூப்பிடுங்கள் என்று. அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். மலாயில் ஒரு பெண் பேசினாள். எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் கொட்டினேன். என் பெயரை யாருக்கும் சொல்லமாட்டோம் என்றாள். எதற்கு? இந்தத் தெருவில் வேறு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

மத்தியானத்துக்குள் சமூக நல இலாகாவிலிருந்து வந்துவிட்டார்கள். ஒரு மலாய் ஆபீசர், கூட புனிதா என்று ஒரு தமிழ்ப் பெண், பின்னாலேயே ஆம்புலன்ஸ். தெருவே வாசலில் வந்து நின்றது. யுகேந்திரன் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து, "நல்ல குடும்பம் மேடம், யாரோ வேணும்னே சொல்லியிருக்காங்க, விரதம் மேடம்" என்று புனிதாவின் பின்னாலேயே ஓடினார். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா எதையும் மறைக்கவில்லை. அவளே கதவைத் திறந்துவிட்டாள்.

"கட்டி வச்சது யாரும்மா?"

"நான்தான்."

"இந்தக் காயமெல்லாம்?"

"நான்தான்."

கிழவருக்கு உயிர் இருந்தது. தூக்குப் படுக்கையில் வைத்தபோது கைலிக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. புனிதா குனிந்து, "ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா? அப்புறம் வேற இடத்துல வச்சுப் பாத்துக்கறோம். சம்மதமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் தலையாட்டினார். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. அக்கா உள்ளே போய் அவருடைய சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். தேய்த்து மடித்த சட்டைகள். எனக்கு அதைப் பார்க்கத்தான் முடியவில்லை, அழுதுவிட்டேன்.

ஆம்புலன்ஸ் போனது. போலீஸில் ஒரு ரிப்போர்ட் போகும், விசாரணை இருக்கும், ஆனால் அவளுடைய கதையையும் கேட்பார்கள், பயப்பட வேண்டாம் என்று புனிதா அக்காவை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். நான் கதவோரமாக நின்றிருந்தேன். போய்விடலாமா என்று நினைத்தேன், போகவில்லை.

"உங்களுக்கு எதுவும் தேவைன்னாலும் கூப்பிடலாம்மா. யாராச்சும் உங்கள அடிச்சாலோ மெரட்டினாலோ, இந்த நம்பர்தான்."

அக்கா நிமிர்ந்தாள். "புருஷன் அடிச்சாக்கூடவா?"

"ஆமாம்மா."

"நானேதான் கூப்பிடணுமா? பக்கத்து வீட்டுக்காரங்க கூப்பிட்டா வருவீங்களா?"

"யாரு கூப்பிட்டாலும் வருவோம்."

அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இதெல்லாம் இப்பத்தான் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ரொம்ப வருஷமா இருக்கு. இது இல்லாட்டியும் போலீஸ் எப்பவும் இருந்துச்சே."

அக்கா என் பக்கம் திரும்பினாள். கோபப்படுவாள், திட்டுவாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை கத்தியிருப்பேன். அவள் எதுவும் செய்யவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ஏன் லோகா, அப்பல்லாம் உனக்கு இது தெரியாதா?"

'நோட்டீஸை இப்போதுதான் பார்த்தேன் அக்கா' என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மைதான். ஆனால் அன்றைக்கே பார்த்திருந்தாலும் நான் கூப்பிட்டிருக்க மாட்டேன். புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று தைலத்தைத்தான் எடுத்துக்கொண்டு போயிருப்பேன். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தாள்.