கிளிபோட்டுக்கு ஒரு பாராட்டு

கிளிபோட்டை அடிக்கத்தான் நீக்கிலாஸ் முதலில் நினைத்தார். இந்த வயதில் அடித்தால் தன் கைதான் முறியும் என்று விட்டுவிட்டார்.

மகள் நதீஷா நேர்ஸ் படிப்புக்கு இடையில் வோபர்ன் பகுதியில் கிளிபோட்டின் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள். பித்தப்பை ஒப்பரேஷனுக்குப் பிறகு படுத்துவிட்டாள். சுகவீனக் காசுக்கு ஈ.ஐ. என்ற அரசாங்க வேலைக் காப்புறுதியில் கேட்டால், வேலை செய்த பதிவே இல்லை என்று கையை விரித்தார்கள். அது வராவிட்டால் அடுத்த தவணைக்குக் கட்ட வழியில்லை, படிப்பு நின்றுபோகும்.

"படிக்கிற பிள்ளையளின்ரை சம்பளத்திலை காப்புறுதிக்கெண்டு ஒண்டும் வெட்டத் தேவையில்லை, சட்டம் அப்பிடி" என்று கிளிபோட் அவளை ஏய்த்திருந்தான். அப்படியொரு சட்டம் கிடையாது. வெட்டினால் அவனும் தன் பங்கைக் கட்டவேண்டும், அதுதான் சங்கதி.

வெள்ளி காலையில் தமிழ் வானொலியில் கிளிபோட்டின் முதியோர் நல நிகழ்ச்சி. நேரடியாகப் போவது. நீக்கிலாஸ் அதற்குப் போன் எடுத்தார்.

"தம்பி கிளிபோட், நதீஷாவின்ரை அப்பா கதைக்கிறன். நன்றி சொல்ல எடுத்தனான். நேர்ஸ் படிக்கிற பிள்ளையளின்ரை சம்பளத்திலை நீர் ஒண்டுமே வெட்டிறேல்லையாம். உந்த மனம் ஆருக்கு வரும்?"

கிளிபோட்டின் குரலில் தேன் ஒழுகியது. "பாவங்கள்தானே அண்ணை, படிக்கிற பிள்ளையள்."

"ஈ.ஐ.யும் வெட்டிறேல்லையோ?"

"ஒருத்தருக்கும் ஒரு சதம் வெட்டமாட்டன்!"

"அதுதான் என்ரை மகள் வருத்தமாய்க் கிடக்க ஒரு சதமும் வரேல்லை. உவரிட்டை வேலை செய்யிற பிள்ளையள், உங்கடை பதிவையும் பாருங்கோ."

படாரென்று பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடியுமுன் கிளிபோட் அழைத்தான்.

"அண்ணை, ஊர் முழுக்க என்னை நாறடிச்சுப் போட்டியளே!"

"நீர் நாறினது. நான் யன்னலைத் திறந்தனான்."

"நதீஷாவின்ரை மணித்தியாலம் எல்லாம் திங்கட்கிழமை பதிஞ்சு கட்டிறன், மாதாவாணை. வரி ஒப்பீசுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"சரி தம்பி."

நதீஷா பெருமூச்சு விட்டாள். "தாங்க் கோட்! முடிஞ்சுது."

"வரி ஒப்பீசுக்குப் போன் அடி பிள்ளை."

"அப்பா! இப்பதானே சரி எண்டனீங்கள்?"

"அவனும்தானே உனக்குச் சட்டம் சொன்னவன்? அடி."

அவள் அடித்தாள். முதலாளியின் பெயர் என்ன என்று அங்கே கேட்டார்கள். நதீஷா வாய் திறக்குமுன் நீக்கிலாஸ் போனைப் பறித்து, கிளிபோட்டின் பெயரை அவன் தகப்பன் பெயரோடு சேர்த்து, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்.