காளிதாஸின் சிறுநீரகமும் அம்மன் சித்தமும்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனை. உயிரோடு இருப்பவர் தன் உறுப்பைக் கொடுக்க வந்தால் நிரப்ப வேண்டிய படிவம். ‘இதை உங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் செய்கிறீர்களா?’ என்று ஒரு கேள்வி. ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். கடவுளுக்குக் கட்டம் இல்லை. ஞானிகள் பல நூற்றாண்டாக மண்டையை உடைத்துக்கொண்ட விவகாரத்தை யாரோ ஒரு குமாஸ்தா இரண்டு கட்டத்தில் முடித்துவிட்டார்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘பாலோ வட்டாரமே போற்றும் ஆன்மிகச் செம்மல் காளிதாஸ் அவர்கள்—’

அடித்துவிட்டேன். அது அவரே எழுதிக் கொடுத்த அறிமுகம்.*

(*கோயில் திருவிழா மலரில், பதினெட்டு ஆண்டுகளாக, அதே புகைப்படத்துடன்.)

2

பாலோவுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஓர் அம்மன் கோயிலுக்குக் காளிதாஸ் தலைவர். அவர் தாமாக எதையும் முடிவு செய்ததில்லை. பதவியில் நீடிப்பது அம்மன் சித்தம். கோயில் ஆபீசுக்கு ஏர்கான் வாங்கியது அம்மன் சித்தம். அன்னதானத்தில் பாயசம் தீர்ந்துபோனது மட்டும் சமையல்காரரின் தவறு.

அவருடைய தம்பி வேலுவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் குளுவாங்கில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். ஊசி குத்த இடது கையில் இனி இடமில்லை. சொந்தபந்தம் அத்தனை பேரையும் சோதித்ததில் பொருந்தியது ஒருவருடையதுதான். காளிதாஸுடையது.

“அண்ணே, நீ தந்தே ஆகணும்னு நான் சொல்லல,” என்றான் வேலு. “பயமா இருந்தா விட்டுடு. ஆனா வாயத் தொறந்து சொல்லிடு லா. மூணு மாசமா பாப்போம் பாப்போம்ங்கிற.”

“என் கையில என்னடா இருக்கு? அவதான் சொல்லணும். வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பாத்துடுவோம்.”

“கிட்னி உன் வயித்துல இருக்கு. சாமிய ஏன்ணே இழுக்கிற?”

3

பூக்கட்டிப் பார்ப்பதை அறியாதவர்களுக்கு: இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள். ஒன்றில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு. சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை என்றால் உத்தரவு. சிவப்பு என்றால் மறுப்பு.

காளிதாஸ் இரண்டிலும் சிவப்பை வைத்துக் கட்டினார்.

(இங்கே எனக்கே சந்தேகம் வந்தது. அம்மன்மேல் இவ்வளவு பக்தி உள்ளவர் அம்மனை ஏமாற்றுவாரா? யோசித்துப் பார்த்தேன். பக்தி இல்லாதவருக்கு ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லையே. இருக்கட்டும்.)

அவர் குளிக்கப் போன நேரத்தில் மனைவி வாசுகி பொட்டலங்களைப் பிரித்தார். முப்பது வருஷக் குடித்தனம். பிரிக்காமலே தெரியும், இருந்தாலும் பிரித்தார். முதல் பிரதியில் அவர் இரண்டிலும் வெள்ளையை வைப்பதாக எழுதியிருந்தேன். வாசுகி ஒத்துக்கொள்ளவில்லை.

“ரெண்டுலயும் மாத்தினா அவருக்கும் எனக்கும் என்ன சார் வித்தியாசம்? ஒண்ணு போதும். சாமிக்கும் கொஞ்சம் வேலை மிச்சம் வைங்க.”

ஆக, இரண்டு பேர் கைவைத்த பிறகு பூ முறைப்படி ஆகிவிட்டது: ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு.

4

“நீயே எடுடா,” என்றார் காளிதாஸ், பெருந்தன்மையாக.

வேலு எடுத்தான். வெள்ளை.

[இதைக் கடவுள் சித்தம் என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளையை எழுதியது நான். சிவப்பு வந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். எனக்கு இன்னும் ஒரு பக்கம் தேவைப்பட்டது.]

இரண்டு சிவப்பு வைத்த இடத்தில் ஒரு வெள்ளை. காளிதாஸ் தம் வாழ்நாளில் கண்ட முதல் அற்புதம் அது. அந்தச் சந்நிதியில் அதுவரை யாரும் உச்சரிக்காத மந்திரம் ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது.

“அலமாக்.”*

(*மலாய் மொழியில் ‘ஐயையோ’.)

5

மருத்துவமனையில் படிவத்தோடு உட்கார்ந்திருந்த அதிகாரியின் பெயர் கத்தரின். எதிரே காளிதாஸ், ஒரு பக்கம் வாசுகி, மறுபக்கம் வேலு.

“அங்கிள், யாராச்சும் உங்கள வற்புறுத்தினாங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அற்புதம் கண்டவருக்குப் பொய் வரவில்லை.

“ஆமா.”

கத்தரினின் பேனா நின்றது. “யாரு?”

“அம்மன். பூக்கட்டிப் பாத்தோம், செவப்பு குடுக்காம வெள்ள குடுத்துட்டாம்மா.”

ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர் கத்தரின். சிரிக்கவில்லை. “எங்க வீட்லயும் சாமி இருக்கு, அங்கிள். ஆனா இப்படி எழுதினா வற்புறுத்தல்னு ஃபைல மூடிடுவாங்க. சாமி விருப்பம் இருக்கட்டும். உங்க விருப்பம் என்ன?”

“அவ விருப்பம்தான் என் விருப்பம்.”

“செவப்பு வந்திருந்தா?”

காளிதாஸ் வாயைத் திறந்தார். அதிலிருந்து அம்மன் வரவில்லை. பக்கத்தில் வேலு, நாளைக்கு எங்கே குத்துவார்கள் என்று தேடுவதுபோல் வலது கையைத் தடவிக்கொண்டிருந்தான்.

6

முடிவு அ: “நானாத்தாம்மா தரேன்,” என்று காளிதாஸ்—

முடிவு ஆ: “பயமா இருக்கும்மா. என்னால—”

இரண்டையும் அடித்துவிட்டேன். எதை எழுதினாலும் அது அவர் சொன்னது ஆகாது, நான் சொல்ல வைத்தது. ஃபைலை மூடிவிடுவார்கள். சரி, உங்களிடம் விடலாம் என்று பார்த்தால், ‘கொடுத்துத் தொலையேன்யா’ என்று நீங்கள் அவரையே முறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குப் பெயரும் வற்புறுத்தல்தான்.

கத்தரின் பேனாவை மூடி வைத்தார். “எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. இவர்கிட்ட தனியா பேசணும்.”

வாசுகி எழுந்தார். வேலு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான், அண்ணனைப் பார்க்காமலே போனான். கத்தரின் இன்னும் காத்திருந்தார். பார்வை என்மேல். பிறகு உங்கள்மேல்.

“நீங்களும்தான்.”

நான் எழுந்துவிட்டேன். வாருங்கள். கடைசியாக வருகிறவர் கதவைச் சாத்திவிடுங்கள்.